உருமாறும் ரோபோ பொம்மைக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போல லாரியாகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மைகளைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலானோர், சிறுவயதில் அவற்றைக் கடை அலமாரியிலோ தொலைக்காட்சியிலோ பார்த்து ஏங்கியவர்கள். அந்த ஏக்கத்தைக் குறிவைத்தே நிறுவனங்கள் பெரியவர்களுக்கென்று தனிப் பதிப்புகளை வெளியிடுகின்றன. விலையும் அதற்கேற்றபடிதான். வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர், ஏற்கெனவே வாங்கியவரின் விமர்சனத்தைத் தேடி வருகிறார். அங்கே "என் குழந்தைப் பருவமே கைக்கு வந்துவிட்டது" என்ற வரியும் பளபளப்பான படங்களும் மட்டும் இருந்தால், அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நான் எழுதத் தொடங்கியபோது எந்த மூட்டினை எப்படிச் சோதிப்பது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது, எப்போது எழுத உட்காருவது என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்தப் பதிப்பு என்பதை உறுதிசெய்யுங்கள்

"ஆப்டிமஸ் பிரைம் வாங்கினேன்" என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் புரியாது. சேகரிப்பாளர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசையில் மட்டுமே, லாரியாக மாறும் இந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பாத்திரம் 2003-இல் எம்பி-01, 2011-இல் எம்பி-10, 2019-இல் எம்பி-44 என்று மூன்று தனித்தனி வடிவமைப்புகளில் வந்திருக்கிறது. மூன்றும் உயரத்தில் வேறு, உருமாறும் முறையில் வேறு, விலையிலும் வேறு. ஒரே வடிவமைப்புகூட நாட்டுக்கு நாடு மாறும். எம்பி-01-ஐ அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ தன் நாட்டில் வெளியிட்டபோது பாதுகாப்புக் காரணங்களுக்காக லாரியின் புகைக்குழாய்களைக் குட்டையாக்கியே விற்றது. ஜப்பானியப் பதிப்பைப் பற்றிய விமர்சனத்தைப் படித்துவிட்டு அமெரிக்கப் பதிப்பை வாங்கியவர் ஏமாந்துதான் போயிருப்பார்.

ஆகவே வரிசை எண், வெளியான ஆண்டு, எந்தச் சந்தைக்கான பதிப்பு ஆகிய மூன்றையும் பெட்டியைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உங்கள் கையில் இருப்பது உரிமம் பெற்ற புதிய பொம்மையா, பழைய அச்சிலிருந்து மறுபடி வார்த்த மறுவெளியீடா, உரிமம் இல்லாமல் வேறொரு நிறுவனம் தானே வடிவமைத்த 'தேர்ட் பார்ட்டி' பொம்மையா, ஒருவருடைய வடிவமைப்பை அப்படியே நகலெடுத்த 'கேஓ'வா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் இதைக் கடைசிப் பத்தியில் தெரிந்துகொள்ளக் கூடாது.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பொம்மையின் காலடியிலோ முதுகிலோ அச்சில் பொறித்திருக்கும் ஆண்டு, காப்புரிமைக்கான ஆண்டு. அந்தப் பிரதி தயாரான ஆண்டு வேறாக இருக்கலாம். பழைய ஆண்டைக் காட்டி மறுவெளியீட்டை அசல் என்று விற்பவர்கள் உண்டு. பொறிப்பை மட்டும் நம்பி, "இது எண்பதுகளின் அசல்" என்று எழுதிவிடாதீர்கள்.

2. முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

பெட்டி வீடு வந்து சேர்வதற்குள் ஆகும் செலவில், கடை போட்ட விலை ஒரு பகுதி மட்டுமே. வெளிநாட்டுக் கடையென்றால் வங்கி அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்க வரி, வரியை உங்கள் சார்பில் கட்டியதற்குக் கூரியர் வாங்கும் சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். பல நாடுகளில் வரியைப் பொம்மையின் விலைக்கு மட்டும் போடுவதில்லை; அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி வரும் தொகைக்குப் போடுகிறார்கள்.

அனுப்பும் செலவில்தான் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையையும் பெட்டியின் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குகின்றன. பொதுவாக நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியென்றால் 4.8 கிலோ ஆகிறது. உள்ளே பொம்மை ஒன்றரைக் கிலோதான் என்றாலும் 4.8 கிலோவுக்கே கட்ட வேண்டும். சேகரிப்பாளர் பதிப்புகளின் பெட்டிகள் காற்றும் அட்டையுமாகப் பெரிதாகவே இருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பே வெளிப்பெட்டியின் அளவைக் கேட்டுப் பெறுங்கள்.

முன்பதிவு செய்வதென்றால் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தபின் பணம் கட்டுங்கள். பணம் இப்போதே போகுமா, அனுப்பும்போதா? ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? வெளியீடு தள்ளிப்போனால் விலை மாறுமா? பல பொம்மைகளைச் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்புவதற்காகக் கிடங்கில் வைத்திருக்கும் கடைகளில், எத்தனை நாள் வரை வைத்திருப்பார்கள் என்பதையும் பாருங்கள். நாள் தாண்டினால் தனிக் கட்டணம் விழும்.

போதுமான பேர் முன்கூட்டியே பணம் போட்டால்தான் பொம்மை தயாராகும் கூட்டுநிதித் திட்டங்களில் காத்திருப்பு இன்னும் நீளும். ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லேப் திட்டத்தில் 2019-இல் அறிவித்த யூனிக்ரான் பொம்மைக்கு ஒருவருக்குச் சுமார் 575 டாலர் வீதம் 8000 பேர் சேர வேண்டியிருந்தது. அது வாங்கியவர்களின் கைக்கு வந்தது 2021-இல். இப்படிப்பட்ட பொம்மையைப் பற்றி எழுதும்போது, பணம் எவ்வளவு காலம் முடங்கிக் கிடந்தது என்பதும் விலையோடு சேர்ந்த தகவல்தான்.

கருவிகளுக்கு அதிகம் ஆகாது. சமையலறை டிஜிட்டல் தராசு, அளவுகோல், சிறிய நட்சத்திரத் திருப்புளி, சிலிக்கோன் எண்ணெய், நிறமற்ற நகப்பூச்சு ஆகியவை போதும். விமர்சனத்தில் கடை விலையையும் கைக்கு வந்து சேர்ந்த மொத்தச் செலவையும் தனித்தனியாகப் போடுங்கள். வாங்கிய மாதத்தையும் குறிப்பிடுங்கள்.

3. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

ஆர்டர் உறுதிச் செய்தி, பணம் கட்டிய சான்று, விலைப்பட்டியல், கண்காணிப்பு எண் ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டுவையுங்கள். சுங்கத்தில் பெட்டி நின்றாலும், உடைந்த பொம்மைக்குப் பணம் திருப்பிக் கேட்டாலும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

விலைப்பட்டியலில் பொருளின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். எனக்கு வந்த ஒரு பெட்டி சுங்கத்தில் பல நாள் நின்றுபோனது. விற்றவர் பட்டியலில் "ரோபோ" என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தார். மின்னணுக் கருவியா, அதற்கு அனுமதி உண்டா என்று கேள்விமேல் கேள்வி வந்தது. ஆர்டர் செய்யும்போதே "பிளாஸ்டிக் பொம்மை, மின்சாரம் இல்லாதது" என்று தெளிவாக எழுதி, 9503 என்ற சுங்கக் குறியீட்டையும் போடச் சொல்லுங்கள். பொம்மைகளுக்கான உலகப் பொதுத் தலைப்பு அது. வரியைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்துப் போடலாம் என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே முன்வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி தொலைந்தால் அந்தக் குறைத்த விலைக்குத்தான் இழப்பீடு கிடைக்கும், அபராதத்துக்கும் வழி உண்டு.

துப்பாக்கியாக மாறும் பொம்மைக்குத் தனி எச்சரிக்கை. 1984-இல் வந்த, வில்லன் பாத்திரமான மெகாட்ரானின் பொம்மை வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறும். பின்னாளில் வந்த மாஸ்டர்பீஸ் மெகாட்ரான் எம்பி-05-உம் அப்படியே. நிஜத் துப்பாக்கியைப் போல் தோன்றும் பொம்மைகளுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. உங்கள் நாட்டு விதியைப் படிக்காமல் ஆர்டர் செய்தால், பொம்மையும் பணமும் சேர்ந்தே போகும். விளக்கு எரியும் பொம்மையென்றால் பட்டன் செல் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். மின்கலத்தோடு வரும் பொதிகளுக்கு விமான அஞ்சலில் வேறு விதிகள்.

பழைய பொம்மையை விமர்சிப்பதென்றால் காகிதங்களே பொருளின் ஒரு பகுதி. 1984-இல் வந்த பெட்டிகளில் விளக்கத் தாள், ஸ்டிக்கர் தாள், பெட்டியின் பின்புறத்தில் வெட்டி எடுக்கும்படி அச்சிட்ட, பாத்திரத்தின் திறன்களைக் காட்டும் அட்டை, அதைப் படிப்பதற்கான சிவப்பு நிற ஒளிபுகும் தாள் எல்லாம் உண்டு. எது இருக்கிறது, எது இல்லை, ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதா, ஒட்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வாங்குபவர் அதற்குத்தான் பாதிப் பணம் கொடுக்கிறார்.

4. பெட்டியைத் திறக்கும் நாள்

வெளிப்பெட்டியின் ஒட்டுநாடாவை வெட்டுவதற்கு முன்பே காணொளியைத் தொடங்குங்கள். இடையில் நிறுத்தாமல், பொம்மை வெளியே வரும்வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். வெட்டி ஒட்டிய காணொளியைப் பல விற்பனையாளர்கள் ஏற்பதில்லை. புகார் செய்யக் கொடுக்கப்படும் அவகாசம் கடைக்குக் கடை வேறு. அதைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவைத்து, குறை கண்ட அன்றே எழுதிவிடுங்கள்.

பொம்மையை உருமாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. விளக்கத் தாளின் பட்டியலோடு உதிரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எடையைப் போடுங்கள். உயரத்தைத் தலை உச்சிவரை அளந்து எழுதுங்கள். கொம்பும் புகைக்குழாயும் வேண்டுமானால் தனியே. பெயிண்ட் சிந்தியிருக்கும் இடங்களைப் படம் எடுங்கள். பிறகு இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து இரண்டு வலது பாதங்களோடும், திருப்பி மாட்டிய முழங்கால்களோடும் பொம்மைகள் வருவது இந்தத் துறையில் சாதாரணம். மடக்கத் தொடங்கியபின் கண்டுபிடித்தால், நீங்களே கழற்றி மாட்டினீர்கள் என்ற பதில்தான் வரும்.

5. முதல் உருமாற்றம்

இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். மேசையில் துணி விரித்து, கழன்று விழும் முளைகளுக்கு ஒரு தட்டு வையுங்கள். பொம்மை குளிர்ந்திருந்தால் சற்று நேரம் பெட்டிக்கு வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும்.

விளக்கத் தாளை முதலில் கடைசிவரை படியுங்கள். காணொளி எதையும் பார்க்காமல், முதல்முறை அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. வாங்குபவருக்கு நிறுவனம் கொடுப்பது அந்தத் தாளைத்தான். அது எந்தப் படியில் கைவிடுகிறது என்பதை நீங்கள் உணர்ந்தால்தான் எழுத முடியும். சிக்கிய படியின் எண்ணை அங்கேயே குறித்துக்கொண்டு, அதன்பிறகு காணொளியைப் பாருங்கள்.

இரண்டு விரல் அழுத்தத்துக்கு அசையாத பாகத்தை மூன்றாவது விரலால் தள்ளாதீர்கள். நிறுத்திவிட்டு, எங்கேனும் ஒரு நாக்கு காடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு படிகளுக்கு முன்னால் இருக்கும். லாரியின் பக்கப் பலகை மூட மறுக்கிறதென்றால், உள்ளே மடங்கிய கை முழுதாகத் திரும்பாமல் மணிக்கட்டு துருத்திக்கொண்டிருக்கும். விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதைக் கவனிக்காமல் அழுத்தினால் கீலுக்குள் ஆணி போன்ற 'பின்' நுழையும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழும். வண்ண பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் வெளுத்ததற்கான அடையாளம் அது. ஒருமுறை விழுந்தால் மறையாது. பின்னொரு நாள் அந்தக் கோட்டில்தான் விரிசல் விடும்.

ரோபோவிலிருந்து வண்டிக்குப் போவது பொதுவாகக் கடினம், திரும்பி வருவது எளிது. இரண்டு திசைக்கும் நேரத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். முதல்முறை ஆன நேரத்தை விமர்சனத்தில் போட வேண்டாம். அது பொம்மையைவிட உங்கள் பழக்கமின்மையையே அதிகம் காட்டும். ஒருநாள் விட்டு மூன்றாம் முறை மாற்றும்போது ஆகும் நேரம்தான் வாங்குபவரின் அனுபவத்துக்குப் பக்கத்தில் வரும். மூன்றாம் முறையும் ஒரு பலகை பொருந்த மறுத்தால் குறை வடிவமைப்பில்தான் என்று தைரியமாக எழுதலாம்.

6. மூட்டுகளைச் சோதியுங்கள்

விமர்சனத்தின் உயிர் இங்கேதான். பெயிண்டைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், மூட்டைப் பார்க்க முடியாது. அதைத் தொட்டவர்தான் சொல்ல வேண்டும்.

மூட்டுகளில் சில வகைகள் உண்டு. உராய்வால் நிற்கும் சாதாரண 'பின்' மூட்டு, பல்சக்கரத்தில் டக் டக்கென்று நிற்கும் ராட்செட் மூட்டு, எல்லாப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டு, காளான் வடிவ முளையை அழுத்தி மாட்டும் மூட்டு. ஒவ்வொரு முக்கிய இடத்திலும் எது இருக்கிறது என்று எழுதுங்கள். ராட்செட் என்றாலே உயர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது முழு உண்மை இல்லை. பற்களுக்கிடையே இடைவெளி அதிகமென்றால் உங்களுக்கு வேண்டிய கோணம் இரண்டு பற்களுக்கு நடுவே விழும். இடுப்பு நிற்கும் கோணத்துக்குக் கணுக்கால் சாயவில்லையென்றால் பாதம் தரையில் முழுதாகப் பதியாமல் விளிம்பில் நிற்கும். ஆகவே கால்களை அகட்டி வைத்து, பாதத்துக்கும் மேசைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அதை எழுதுங்கள்.

அடுத்து ஆயுதத்தைக் கையில் கொடுத்து, கையைத் தரைக்கு இணையாக நீட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தோள் இறங்கியதா, மணிக்கட்டு சாய்ந்ததா, துப்பாக்கி முஷ்டியிலிருந்து வழுக்கியதா என்று பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பாருங்கள். பிறகு மார்பைப் பிடித்துத் தூக்கி மெதுவாக ஆட்டுங்கள். எந்தப் பலகைகள் தொளதொளவென்று ஆடுகின்றன என்று குறியுங்கள். வண்டி உருவத்தில் சமதரையில் உருட்டினால் பலருக்கும் தோன்றாத குறை ஒன்று வெளிப்படும்: வண்டியின் அடியில் மடங்கிய கை தரையைத் தொடுவதால் சக்கரம் சுழலாமல் இழுபடும்.

பழுது பார்ப்பதற்கு முன் வந்த நிலையிலேயே எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். தளர்ந்த பந்து மூட்டுக்கு நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய படலமாகப் பூசி, முழுதாகக் காயவிட்டு மாட்டினால் பிடிப்பு திரும்பும். உடனடிப் பசை வேகமாக வேலை செய்யும் என்றாலும் மூட்டையே உறையவைத்துவிடும். அதன் ஆவி ஒளிபுகும் பாகங்களில் வெண்படலமாகப் படியும். இறுகிய மூட்டுக்குத் திருகாணியைக் கால் சுற்று தளர்த்திப் பார்க்கலாம், இல்லையேல் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய். பெட்ரோலியம் சார்ந்த எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசலை உண்டாக்கும். ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் அடித்த பின்னை எந்தக் காரணத்துக்காகவும் தட்டி எடுக்காதீர்கள். அந்த வகை பிளாஸ்டிக் வளையாது, நேராகப் பிளக்கும்.

நீங்கள் சரிசெய்த பின் பொம்மை எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் "சிறு திருத்தத்துக்குப் பின்" என்ற சொற்களை விட்டுவிட்டு எழுதினால், அது வாசகரை ஏமாற்றுவதாகும்.

7. பிளாஸ்டிக், உலோகம், பெயிண்ட்

கையில் கனமாக இருந்தாலே தரமான பொம்மை என்ற நம்பிக்கை பழைய ரசிகர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தக் கனத்தைத் தருவது டை-காஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோகம், பெரும்பாலும் துத்தநாகக் கலப்பு. அது எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். பாதத்தில் இருந்தால் நிலைத்து நிற்க உதவும். தோளிலோ முதுகிலோ இருந்தால் அதைச் சுமக்கும் பிளாஸ்டிக் மூட்டு நாளடைவில் தளரும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் பெயிண்ட் முதலில் பெயரும். மூன்றாம் உருமாற்றத்துக்குப் பின் அந்த விளிம்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் வெளிச்சத்தில் மஞ்சளாகும். உலோகத் துகள் கலந்து சுழல் சுழலாக மின்னும் பொன்னிற பிளாஸ்டிக் இன்னும் மோசம். பழைய பொம்மைகளில் அது பெட்டியைத் திறக்காமலே நொறுங்கும் அளவுக்கு வலுவிழந்துவிடுகிறது. சேகரிப்பாளர்கள் இதைக் கோல்ட் பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்பார்கள். பழைய பொம்மையில் அந்த வகை பிளாஸ்டிக்கைக் கண்டால் உருமாற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ரப்பர் டயர்களைக் கவனியுங்கள். அவற்றிலுள்ள மென்மையாக்கி கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கியதுபோல் குழியாக்கும். குரோம் பூச்சைத் துணியால் தேய்க்காதீர்கள், தூரிகையால் தூசி தட்டுவது போதும்.

1985 முதல் வந்த பழைய பொம்மைகளில், விரல் சூட்டில் பாத்திரம் சேர்ந்த அணியின் சின்னத்தைக் காட்டும் சிறு ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது இன்னும் வேலை செய்கிறதா என்று எழுதுங்கள். அது இருப்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

8. உங்கள் ஏக்கம் எந்த வகை?

ஏக்கத்தை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தப் பொம்மைகளை நான் எடுத்துவைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் உங்களுடையது எந்த வகை என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதில் இரண்டு வகை உண்டு.

சிலர் நினைவில் வைத்திருப்பது கையில் இருந்த பொம்மையை. சிலர் நினைவில் வைத்திருப்பது திரையில் ஓடிய பாத்திரத்தை. இரண்டும் ஒன்று என்று நினைப்பதால் விமர்சனங்களில் பெரும் குழப்பம் நேர்கிறது. 1984-இல் ஹாஸ்ப்ரோ விற்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் பல, அதற்கு முன்பே ஜப்பானில் டக்காரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் விற்றவை. கார்ட்டூன் பிற்பாடு வந்தது. அதனால் திரையில் தோன்றிய உருவமும் பொம்மையின் உருவமும் பல பாத்திரங்களில் பொருந்துவதே இல்லை. அயர்ன்ஹைட் இதற்கு நல்ல உதாரணம். திரையில் அவனுக்கு முழுத் தலை உண்டு. அன்றைய பொம்மைக்குத் தலையே கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் முகம்.

இன்றைய வரிசைகளும் இந்த இரண்டு நினைவுகளுக்குத் தனித்தனியாகத் தீனி போடுகின்றன. அண்மைய மாஸ்டர்பீஸ் பொம்மைகள் திரை உருவத்தைத் துரத்துகின்றன. அதற்காக உருமாற்றம் சிக்கலானாலும் பொறுத்துக்கொள்கின்றன. 2024-இல் வரத் தொடங்கிய மிஸ்ஸிங் லிங்க் வரிசை பழைய பொம்மையின் தோற்றத்தை அப்படியே வைத்து, அன்று இல்லாத மூட்டுகளைச் சேர்க்கிறது. திரையை நேசிப்பவர் மிஸ்ஸிங் லிங்க்கைப் பார்த்து முகம் சரியில்லை என்று எழுதினால், அந்தப் பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே குறையாகச் சொன்னதாகும்.

நான் செய்வது இது. ஏக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி, மனதில் இருப்பதையெல்லாம் அங்கே எழுதிவிடுகிறேன். மூட்டு, பிளாஸ்டிக், விலை ஆகிய பத்திகளுக்குள் அதை விடுவதில்லை. முடிந்தால், இந்தப் பாத்திரத்தைக் கேள்விப்பட்டே இராத ஒருவரிடம் பொம்மையையும் விளக்கத் தாளையும் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். அருகில் உட்காருங்கள், ஆனால் உதவாதீர்கள். எங்கே அவர் கை நிற்கிறது, எதைக் கண்டு அவர் முகம் மலர்கிறது என்று கவனித்தால், உங்கள் கண்ணுக்குப் பழக்கத்தால் மறைந்துபோனவை தெரியவரும்.

9. படங்கள்

ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். இரண்டு உருவங்களையும் முன், பின், பக்கவாட்டில் எடுங்கள். விளம்பரப் படங்கள் காட்டாதது முதுகுதான். வண்டியின் பாதி அங்கே மூட்டையாகத் தொங்குகிறதா என்று வாசகர் பார்க்கட்டும். முன்கையின் உட்புறமும் காலின் பின்புறமும் குழிவாக இருந்தால் அதையும் காட்டுங்கள். அளவு தெரிவதற்கு அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். நிறத்தைத் திருத்தாதீர்கள். விளக்கத் தாள் முழுவதையும் நகலெடுத்துப் போட வேண்டாம், அது நிறுவனத்தின் காப்புரிமைக்கு உட்பட்டது. நீங்கள் சிக்கிய படியைச் சொற்களில் விளக்கினால் போதும்.

10. எழுத உட்காரும் நேரம்

பெட்டி வந்த அன்று எழுதாதீர்கள். மூன்று உருமாற்றமும் ஒரு வாரம் அலமாரியில் நின்ற அனுபவமும் கிடைத்தபின் எழுதுங்கள். மற்றவர்கள் முந்திவிடுவார்கள்தான். அவர்கள் முதல் நாள் கண்டதை எழுதியிருப்பார்கள், அலமாரியில் தோள் இறங்கியதை நீங்கள்தான் எழுதுவீர்கள்.

தொடக்கத்திலேயே பொம்மைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். கடையோ நிறுவனமோ இலவசமாகக் கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். பல நாடுகளில் அதை வெளிப்படுத்துவது சட்டப்படியே கட்டாயம். அடுத்து தீர்ப்பு: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம். அதைக் கடைசிவரை பிடித்துவைக்க வேண்டியதில்லை.

குறையை எழுதும்போது இடத்தையும் அளவையும் சொல்லுங்கள். "இடுப்பு கொஞ்சம் தளர்வு" என்றால் ஒன்றும் விளங்காது. "இடது இடுப்பு பக்கவாட்டில் நிற்கவில்லை, கால்களை அகட்டி வைத்தால் சில நிமிடங்களில் சரிந்துவிடுகிறது, வலது இடுப்பு உறுதியாக இருக்கிறது" என்றால், தன் பொம்மையில் எதைச் சோதிக்க வேண்டும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி என்பதையும் மறவாதீர்கள். ஒரே இடத்தில் பலருக்கு உடைந்தால் அது வடிவமைப்பின் குறை. உங்களுக்கு மட்டும் உடைந்தால் அது அந்தப் பிரதியின் குறையாகவும் இருக்கலாம். மற்றவர்கள் சொல்வதைத் தேடிப் பார்க்கும்வரை "என் பிரதியில்" என்றே எழுதுங்கள்.

ஒப்பீடு செய்வதென்றால் கையில் பிடித்துப் பார்த்த பொம்மைகளோடு மட்டும் செய்யுங்கள். நட்சத்திர மதிப்பெண் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. அருமையான சிற்பமும் சரியும் தோளும் சேர்ந்து மூன்றரை நட்சத்திரம் என்றால், அது யாருக்கு எதைச் சொல்கிறது?

11. ஒரு மாதம் கழித்து

அலமாரியில் வெயில் படாத இடத்தில் நிற்கவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வெள்ளைக் கோடு ஏதேனும் புதிதாக விழுந்திருக்கிறதா, முன்பு இறுக்கமாக இருந்த முளை இப்போது தானே கழல்கிறதா, டயர் தொட்ட இடத்தில் பளபளப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் செல் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடு அரித்துப்போகும். நான்காம் முறை உருமாற்றி, மூட்டுச் சோதனையை அதே வரிசையில் செய்யுங்கள்.

கண்டதை விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழேயே, தேதி போட்டுச் சேருங்கள். முன்பு எழுதிய வரி இப்போது பொய்யாகியிருந்தாலும் அதை அழிக்காமல், பக்கத்தில் புதிய நிலையை எழுதுங்கள். பொம்மையை விற்கப் போகிறீர்கள் என்றால், விற்றதையும் காரணத்தையும் அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.